பதுவைக்குப் போகாத கைக்குட்டைகள்

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்கள் பெட்டியில் நீச்சல் உடையும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துப் போவார்கள் என்று கேள்வி. திண்டுக்கல் ஜெயமேரி டீச்சர் இருபத்துமூன்று கைக்குட்டைகளை எடுத்துப் போனார். அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை.

துபாயில் வேலை பார்க்கும் மகன் ரோஷன், அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்காக ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தான். ஏதென்ஸில் ஏற வேண்டும். இரண்டு தீவுகள், நான்காம் நாள் வெனிஸ், பிறகு திரும்பவும் ஏதென்ஸ். டீச்சர் முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கொடைக்கானல் ஏரியில் படகு ஏறினாலே இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்கிற ஆள். கப்பலா, ஆளை விடு என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் வெனிஸிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் பதுவை என்று ரோஷன் சொன்னதும் மறுபேச்சு பேசவில்லை.

பதுவை என்றால் புனித அந்தோனியார் அடங்கியிருக்கும் ஊர். கோடி அற்புதர் என்று பேர் வாங்கியவர். வண்டிச் சாவியைக் காணோம் என்றாலும், மகளுக்கு வரன் அமையவில்லை என்றாலும் டீச்சரின் தெருவில் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அந்தத் தெருவில் இருபது கிறித்தவக் குடும்பங்கள் சேர்ந்து வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி ஜெபம் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு அன்பியம் என்று பேர். அதற்குத் தலைவி ஏஞ்சலின். ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, எதிராளி சரி என்றாரா இல்லையா என்று பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடுகிற தலைவி.

"டீச்சர் பதுவைக்குப் போறாக. ஆளுக்கு ஒரு கைக்குட்டை குடுத்து விடுங்க. கல்லறையில ஒத்தி எடுத்துட்டு வருவாக" என்று ஏஞ்சலின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினார். டீச்சர் அதைக் கேட்டபோது ஏற்கெனவே ஒன்பது கைக்குட்டைகள் வீட்டுக்கு வந்துவிட்டன.

புனிதரின் கல்லறையில் ஒற்றிய துணியை நோவுள்ள இடத்தில் கட்டினால் நோவு தீரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆண்டனிராஜுக்கு நிலப் பத்திரம் கிடைக்க வேண்டும். எதிர்வீட்டுக் கண்ணுசாமி நெற்றியில் விபூதியோடு வந்து, "மதம் என்னங்க மதம், முட்டி வலிக்கி எந்தச் சாமியா இருந்தா என்ன?" என்று ஒரு முழுத் துண்டையே கொடுத்தார். கைக்குட்டை அவர் முட்டியைச் சுற்றிக் கட்டப் பத்தாதாம்.

கடைசியாக வந்தவள் டெய்சி. தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். கோயில் பாடகர் குழுவில் பதினெட்டு வருஷமாக முதல் குரல் அவளுடையதுதான். அவள் பாடினால் பூசைக்குத் தாமதமாக வருகிறவர்கள்கூட வாசலில் வம்பளக்காமல் உள்ளே வந்து உட்காருவார்கள். ஆறு மாதமாக அவள் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, தைராய்டு, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கெடுதல் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குரல் போகுமா என்று டெய்சி கேட்டதற்கு, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் குரல் மாறலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து டெய்சி ஆபரேஷனுக்கு இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் போகவில்லை.

"தொண்டைக்குப் பிளேசியார் இருக்காருல்ல டெய்சி? அவரு கோவிச்சுக்க மாட்டாரா?" என்றார் டீச்சர், அவளைச் சிரிக்க வைப்பதற்காக.

"இருக்காரு டீச்சர். வருஷா வருஷம் அவரு திருநாளுக்கு மெழுகுதிரியக் கழுத்துல வச்சு மந்திரிச்சுக்கிட்டுத்தான் வாரேன். இருந்தும் கட்டி வந்துருச்சே" என்றாள் டெய்சி. "அந்தோனியாரு நாக்கு அங்க எண்ணூறு வருசமா அழியாம இருக்காம்ல? நாக்கக் காப்பாத்துனவரு தொண்டைய விட்ருவாரா?"

அவள் கொடுத்தது நீலக் கைக்குட்டை. ஓரத்தில் தானே பூவேலை செய்திருந்தாள். டீச்சர் ஊர் திரும்புவது செவ்வாய்க்கிழமை, இரண்டே நாளில் வியாழன். அந்த வியாழனுக்குத்தான் மூன்றாவது தேதி வாங்கியிருந்தாள். "நீங்களே ஒங்க கையால ஒத்தி எடுத்துட்டு வாங்க" என்று டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். டீச்சர் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார்.

கப்பல் என்று பேர்தானே தவிர, அது பதினாலு மாடிக் கட்டடம். நம் பேருந்து நிலையத்தைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்சம் இடம் இருக்கும். டீச்சரின் கணவர் ராயப்பராஜ் ஏறிய இரண்டாம் நாளே சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றைம்பது வகை இருந்தும் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் உருப்படியாக இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் மாலை ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். வெனிஸ் நகரம் பெரிய கப்பல்களை உள்ளே விடுவதில்லை, பக்கத்தில் ஒதுங்குவதற்குப் பேசி வைத்திருந்த இடமும் இல்லை என்றாகிவிட்டது, ஆகவே இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொரு துறைமுகத்துக்குப் போகிறோம், மன்னிக்கவும் என்றார். மன்னித்தவர்கள் குறைவு. விசாரணை மேசை முன்னால் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரு வரிசை நின்றது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் மேசையைத் தட்டினார். ஆறுதலுக்குக் கம்பெனி ஆளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தது. திட்டிக்கொண்டிருந்தவர்கள் கேக்கை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பவும் திட்டினார்கள்.

டீச்சர் வரிசையில் நிற்கவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். காலை எட்டு மணிக்குக் கரை, அங்கிருந்து பதுவைக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம், கோயிலில் அரை மணி, திரும்ப இரண்டே கால். மதியம் இரண்டுக்குக் கப்பல் கிளம்புவதற்குள் வந்துவிடலாம். கணக்கு இடித்தது, ஆனாலும் வந்தது. இருபத்துமூன்று கைக்குட்டைகளையும் கைப்பையில் அடுக்கி வைத்துக்கொண்டு படுத்தார்.

விடிந்ததும் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. அந்தத் துறைமுகமும் இல்லையாம். ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்று அங்கேயும் கணக்கு வைத்திருக்கிறார்களாம். கப்பல் இரவோடு இரவாகக் கடலின் எதிர்க்கரைக்கு வந்து, குரோவேஷியா நாட்டில் வாயில் நுழையாத பேர் கொண்ட ஒரு சின்ன ஊருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. பதுவை இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"எனக்கு இது மூணாவது தடவை. இன்னும் வெனிஸைப் பார்த்தபாடில்லை" என்று பக்கத்து அறை வெள்ளைக்கார அம்மா ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். வெனிஸைப் பற்றிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேல்தளத்தில் காபியோடு சாய்ந்துவிட்டார். டீச்சருக்கும் அப்படிச் சாய ஆசைதான். டெய்சியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே முப்பது நாற்பது பேர் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'எங்கள் ஊர் பொருட்காட்சி அல்ல', 'கப்பலே, திரும்பிப் போ' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பயணிகள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்தார்கள். ராயப்பராஜ் மட்டும் நின்று ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுக் கை தட்டினார்.

"என்னங்க பண்றீங்க? நம்மளத்தான் போகச் சொல்றாங்க!" என்று டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சரியாத்தானே சொல்றாங்க? அம்புட்டும் நியாயம்" என்றார் ராயப்பராஜ்.

அவருக்கு வத்தலக்குண்டுக்கு வெளியே, கொடைக்கானல் போகிற சாலையை ஒட்டி நாலு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. மே மாதம் வந்தால் மலைக்குப் போகிற கார்கள் அடைத்துக்கொண்டு, மாங்காய் ஏற்றிய வண்டி தோப்பு வாசலைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆகும். வருகிறவர்களைக் குறைக்கச் சொல்லிக் கலெக்டருக்கு ஏழு மனு எழுதியவர் அவர். மனுவில் வருகிற 'பொறுப்பற்ற சுற்றுலாப் பயணிகள்' கூட்டத்தில் தானும் ஒருவராகி நிற்பது அவருக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. அட்டை பிடித்திருந்த ஒரு மீனவரிடம் போய், எங்கள் மலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க இ-பாஸ் போட்டுவிட்டோம், நீங்களும் போடுங்கள் என்று யோசனை சொன்னார். அந்த மனிதர் சிரித்து, பிடித்துக்கொள் என்று ஒரு அட்டையையே கொடுத்துவிட்டார். 'கப்பலே, திரும்பிப் போ' என்ற அட்டையோடு, வந்த கப்பலுக்கு முன்னாலேயே ராயப்பராஜ் போட்டோ எடுத்துக்கொண்டார்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக நடந்து ஊருக்குள் ஒரு கல் கோயிலைக் கண்டுபிடித்து உள்ளே போனார். பீடத்தில் யாரோ ஒரு புனிதர். அந்தோனியார் இல்லை. கைப்பையைத் திறந்து நீலக் கைக்குட்டையை வெளியே எடுத்தார். எல்லாரும் புனிதர்தானே, இங்கே ஒற்றினால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் மடித்து உள்ளேயே வைத்துவிட்டார். வழி தப்பினாலும் விடை சரி என்று மார்க் போட்டுப் பழக்கமில்லாதவர் அவர்.

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. கோயிலின் கோபுரத்தை ஒரு போட்டோ எடுத்து, ஒன்றும் எழுதாமல், அன்பியக் குழுவுக்கு அனுப்பினார். பத்திரமாக இருக்கிறோம் என்று காட்டத்தான். அரை நிமிஷத்தில் ஏஞ்சலின், 'பதுவை! கோடி அற்புதரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!' என்று எழுதிவிட்டார். அவருக்குப் பின்னால் கும்பிட்ட கைகள் நாற்பத்தேழு. கடைசியாக டெய்சி, 'அழுதுட்டேன் டீச்சர்' என்று எழுதியிருந்தாள்.

'இது பதுவை இல்லை' என்று டீச்சர் தட்டச்சு செய்தார். அனுப்பவில்லை. இவ்வளவு பேர் கும்பிட்டுவிட்ட பிறகு போனிலா சொல்வது, ஊருக்குப் போய் நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அழித்துவிட்டார். ஊர் திரும்பும் விமானச் சீட்டை மாற்ற முடியாது, இனிப் பதுவைக்குப் போக வழியும் இல்லை.

மதுரை விமான நிலையத்திலிருந்து கார் சின்னாளப்பட்டியைத் தாண்டும்வரை டீச்சர் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டே வந்தார். தெருமுனை திரும்பியதும் எழுதியது எல்லாம் மறந்துபோயிற்று. பத்தடிக்குப் பதினைந்தடி ஃப்ளெக்ஸ் ஒன்று நின்றது. 'பதுவைப் புனிதரின் கல்லறையைத் தொட்டுத் திரும்பும் எங்கள் ஜெயமேரி டீச்சரே, வருக வருக!' டீச்சரின் போட்டோ, அந்தோனியார் படம், நடுவில் ஒரு கப்பல். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தேடிப் போட்டிருந்த அந்தக் கப்பல் நூறு வருஷத்துக்கு முன்னால் மூழ்கிப்போனது.

"செத்தோம்" என்றார் டீச்சர்.

"ஏன்? போட்டோ நல்லாத்தானே இருக்கு" என்றார் ராயப்பராஜ்.

காரிலிருந்து கால் வைப்பதற்குள் பொன்னாடை விழுந்தது. "ஏஞ்சலின், ஒரு நிமிசம், நான் ஒண்ணு சொல்லணும்" என்று டீச்சர் ஆரம்பித்தார். "சொல்லலாம் டீச்சர், செத்த நேரம் இருங்க" என்று ஏஞ்சலின் பிள்ளைகளை வரவேற்புப் பாட்டுப் பாடவிட்டார். பாட்டு முடிந்ததும் ஜெபம். ஜெபம் முடிந்ததும் டீயும் உளுந்த வடையும். வடையைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் மறுபடி வாயைத் திறந்தபோது, ஏஞ்சலின் அவர் தோளிலிருந்த கைப்பையையே வாங்கித் திறந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைக்குட்டைகளைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கண்ணுசாமி அங்கேயே வேட்டியைத் தூக்கி முட்டியில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்து, "சும்மா சொல்லக் கூடாதுங்க, ஜில்லுன்னு இருக்கு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"விட்ரு மேரி" என்று ராயப்பராஜ் காதருகே சொன்னார். "எல்லாரும் சந்தோசமா இருக்காங்க. முட்டி வலி போனா நல்லதுதானே? இதுல யாருக்கு என்ன கெடுதல்?"

அது சரி என்றுதான் டீச்சருக்கும் பட்டது. முட்டிக்கும் பத்திரத்துக்கும் ஒரு கெடுதலும் வந்துவிடப் போவதில்லை. பயணக் களைப்பு வேறு. கையிலிருந்த வடையைக் கடித்தார்.

அப்போது டெய்சி அவர் முன்னால் வந்து நின்றாள். நீலக் கைக்குட்டை கழுத்தில் கட்டியிருந்தது. ஆறு மாதமாக முந்தானையைச் சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்தவள், இன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக் கழுத்தை நிமிர்த்தியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"இம்புட்டு நாள் நெஞ்சுல கல்லு மாதிரி இருந்துச்சு டீச்சர். இப்பத்தான் எறங்குச்சு" என்றாள். "வியாழக்கெழம ஆபரேசன் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிறப் போறேன். இனி டாக்டரும் வேணாம், கத்தியும் வேணாம். அவரு பாத்துக்குவாரு."

சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்துவிட்டாள். டீச்சர் வடையைக் கீழே போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போன் பண்ணாத டெய்சி. அது கல்லறையில ஒத்துன துணி இல்ல."

முன்வரிசைக்குக் கேட்கிற வகுப்பறைக் குரல் இல்லை அது, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"நான் பதுவைக்குப் போகவே இல்ல" என்றார் டீச்சர். "கப்பல வெனிஸ்ல விடல. அடுத்த ஊர்லயும் விடல. வேற ஒரு ஊர்ல கொண்டுபோய் எறக்குனாங்க, அங்கயும் போகத்தான் சொன்னாங்க. நான் அனுப்புனது அந்த ஊருக் கோயிலு. நீங்க பதுவைன்னு எழுதுனப்பவே இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப வந்து எறங்கி அரை மணி நேரமாச்சு, அப்பவும் சொல்லல. தப்பு என்னோடதுதான். எந்தத் துணியும் எந்தக் கல்லறையிலயும் படல."

முதலில் ஏஞ்சலின்தான் பேசினார். "அப்ப ஃப்ளெக்ஸு?" என்றார். பிறகு, ஃப்ளெக்ஸைப் பற்றிக் கேட்கிற நேரமா இது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்டனிராஜ் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அது டீச்சருக்கு அடித்த மாதிரி வலித்தது. கண்ணுசாமி முட்டியைப் பார்த்தார், துண்டை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று.

டெய்சி கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தாள். டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலையில் மண் படுகிறதே என்று பார்க்கவில்லை.

"சொல்லாமயே இருந்திருக்கலாம்ல டீச்சர்" என்றாள் டெய்சி.

"இருந்திருக்கலாம். நீ போன எடுத்தியே."

"எனக்குப் பயம் டீச்சர்." டெய்சிக்கு அழுகை வந்துவிட்டது. "சாமி பேரச் சொல்லித்தான் தள்ளிப் போட்டேன், உள்ளுக்குள்ள பயந்தான். இந்தக் கொரலு ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அது போயிருச்சுன்னா தையல் மிசினும் நானும் மட்டுந்தான் கெடப்போம். போகாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

சொல்லிவிடலாம் என்று டீச்சருக்கு நாக்கு வரை வந்தது. எவ்வளவு சுலபம், எவ்வளவு இதம். "அது எனக்குத் தெரியாது டெய்சி" என்றார். "நூத்துல தொண்ணூத்தெட்டுப் பேருக்கு ஒண்ணும் ஆகுறதில்லன்னு டாக்டர் சொன்னாருன்னு நீதான சொன்ன? அதுக்கு மேல நான் சேத்துச் சொல்ல மாட்டேன். எடுக்காம விட்டா என்ன ஆகும்னும் அவரு சொன்னாருல்ல? நீ இருக்கணும்டி. கொரலு அப்புறம்."

டெய்சி கைக்குட்டையின் பூவேலையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் வேறு யாரும் கிளம்பவில்லை. வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ராயப்பராஜ்கூடப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

கடைசியில் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துடைத்தது அந்த நீலக் கைக்குட்டையில்தான்.

"எல்லாரும் இருக்கீங்கள்ல? இப்பயே ஒரு பாட்டுப் பாடிர்றேன்" என்றாள். "வியாழக்கெழமைக்கு அப்புறம் எப்பிடி இருக்குமோ தெரியாது. இன்னைக்கி இருக்கு."

பாடினாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கோயிலில் பாடுகிற அதே அந்தோனியார் பாட்டுத்தான். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைத்தது, கட்டி ஏறி இறங்கியது, குரல் மட்டும் எங்கேயும் தடுக்காமல் போனது. ஆண்டனிராஜ் வீட்டுக் கதவு திறந்து, அவர் வாசலுக்கு வந்து நின்றார். பல்லவியை எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். டீச்சருக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. அழுதுகொண்டே, சத்தமாக, தப்பாகப் பாடினார்.

பாட்டு முடிந்ததும் டெய்சி மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆபரேசன் ரூமுக்குள்ள போறப்ப நீங்க வாசல்ல நிக்கணும் டீச்சர். ஆறு மணிக்கெல்லாம் மதுரையில இருக்கணும்."

"விடியக்காலமே காரோட ஒன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்" என்றார் டீச்சர்.

"நிக்கணும்" என்றாள் டெய்சி. "வர்ற வழியில எடத்த மாத்திட்டாங்க, வேற ஊர்ல எறக்கிட்டாங்கன்னு சொன்னீங்க, தொலச்சுப்புடுவேன்."